துறை தெரிதல்: மருத்துவ மாணவர்க்கு ஓர் அறவினா

மருத்துவ பீடத்தின் இறுதியாண்டை எய்திய மாணவர் ஒருவரை உற்றாரும் அயலாரும் காணுந்தோறும் வினவுவது ஒன்றே: எந்தத் துறைக்குப் போகப்போகிறீர்? இவ்வினாவிற்கு விடை கூறுமுன் மாணவர் தம் மனத்துள் கணக்கிடுவன பல. பரீட்சையில் தாம் பெறக்கூடிய நிலை, துறையின் வருவாய், இரவுப் பணியின் அளவு, வெளிநாடு செல்லும் வாய்ப்பு, வீட்டாரின் எண்ணம், திருமணம் என அக்கணக்கு நீளும். இவையாவும் நடைமுறைக் கணக்குகள். அறஞ்சார்ந்த வினாவொன்று இக்கணக்கினுள் இடம்பெறுவது அரிது. பொதுமக்கள் பணத்தில் மருத்துவங் கற்ற ஒருவர் தம் விருப்பம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு துறையைத் தெரிவதற்கு உரிமையுடையவரா? அன்றி, அவர்தம் தெரிவின்மேல் பிறர்க்கும் ஏதேனும் பாத்தியதை உண்டா? இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

துறை என்னுஞ் சொல் மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோர்க்கு இருபொருள் தருவது. கல்வித்துறை, தொழிற்றுறை என்பது ஒன்று. மண்முனைத்துறை என்பதிற்போல நீரைக் கடப்பதற்கு இறங்கும் இடம் என்பது மற்றொன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாவி இம்மாவட்டத்தை இரு கரைகளாகப் பிரித்து வைத்துள்ளது. ஞாயிறு எழும் பக்கமாகிய எழுவான்கரையில் நகரமும் பெருந்தெருவும் போதனா வைத்தியசாலையும் களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, ஏறாவூர் முதலிய ஊர்களின் ஆதார வைத்தியசாலைகளும் அமைந்துள்ளன. ஞாயிறு படும் பக்கமாகிய படுவான்கரையில் வயலும் மேய்ச்சல் நிலமும் சிற்றூர்களும் சிறு வைத்தியசாலைகளும் உள்ளன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து நோயாளர் பலர் நகருக்கு வரப் 'பாதை'யையே நம்பியிருந்தனர். பிற மாவட்ட வாசகர்க்கு ஒரு சொல்: பாதை என்பது இங்கு தெருவன்று, ஆளையும் வண்டியையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. துறையில் நிற்பவர்க்குத் தாம் எங்கு இறங்குவது என்பதே கவலை. எதிர்க்கரையில் நிற்பவர்க்கோ இங்கிருந்து யாரேனும் வருவாரா என்பது கவலை. துறைத்தெரிவு பற்றிய பேச்சு நம்மிடையே எப்பொழுதும் முன்னவரின் நிலையிலிருந்தே பேசப்படுகின்றது.

நடைமுறையை முதலிற் சிறிது விளக்குதல் வேண்டும். மருத்துவ பீடத்துக்கு வெளியே உள்ளோர் பலர் இதனை அறியார். ஐந்தாண்டுக் கல்வியின் இறுதியில் மாணவர் பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேற்றியல், உளமருத்துவம் ஆகியவற்றிற் பரீட்சை எழுதுவர். நாட்டின் அரச மருத்துவ பீடங்கள் அனைத்தினதும் மாணவர் பின்னர் ஒரே தகைமை வரிசையில் நிறுத்தப்படுவர். அவ்வரிசைப்படியே ஓராண்டு உள்ளகப் பயிற்சிக்குரிய இடமும் பிரிவும் தெரியப்படும். அதன் பின்னர்க் கிடைக்கும் நியமனங்களுக்கும் அவ்வரிசையே வழிகாட்டி. விசேட வைத்திய நிபுணராக விரும்புவோர், கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சையிற் சித்தியெய்தி, ஆண்டுகள் பல பயின்று, பெரும்பாலான துறைகளில் வெளிநாட்டிலும் ஒரு காலம் பயிற்சி பெற்ற பின்னரே அந்நிலையை அடைவர். இவ்வாறு நீண்டு கிடக்கும் வழியாதலால், மூன்றாம் ஆண்டிலேயே திட்டமிடத் தொடங்கும் மாணவரை நாம் குறைகூறுவதற்கில்லை. ஐக்கிய இராச்சியத்தின் பிளாப் பரீட்சைக்கும் அவுஸ்திரேலியாவின் ஏ.எம்.சி. பரீட்சைக்கும் உரிய நூல்கள் விடுதி அறைகளிற் காணப்படுவதும் வியப்பன்று.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். யாவற்றையும் வரிசையே தீர்மானிக்குமாயின் மாணவர்க்குத் தெரிவு என்பது எங்கே உளது? தெரிவு இல்லாதவிடத்து அறவினா எழாதன்றோ? இத்தடை ஓரளவே பொருந்தும். வரிசையின் அடியில் நிற்பவர்க்குத் தெரிவு குறுகியதே. ஆயின் வரிசையின் முடியில் நிற்பவர்க்கு அஃது அகன்றது. மேலும், வரிசை செய்யும் கேடு பிறிதொன்று உண்டு. முதலிடம் பெற்றோர் எதனைத் தெரிகின்றனரோ அதுவே உயர்ந்த துறை என்றும் கடையிடத்தார்க்கு எஞ்சியது எதுவோ அதுவே தாழ்ந்த துறை என்றும் ஓர் எண்ணம் ஆண்டுதோறும் உறுதிப்படுகின்றது. சாதியை மறுத்துப் பேசும் நாம் துறைகளுக்கிடையே ஒரு சாதிமுறையை வளர்த்து வருகின்றோம். இதய நோயியல் மேற்குலம். குடும்ப மருத்துவம் கீழ்க்குலம். "இத்துணைப் புள்ளி பெற்றும் உளமருத்துவத்துக்கா போகப்போகிறாய்?" என்று கேட்கும் வாய்களை நாம் அறிவோம். அக்கேள்வி கேட்பவர், நோயாளரின் தேவையையோ மாணவரின் இயல்பையோ கருதவில்லை. பெற்ற புள்ளியை வீணாக்கலாகாது என்று மட்டுமே கருதுகின்றார். பரீட்சைப் புள்ளியைப் பணம் போலவும் துறையை அதனாற் கொள்ளும் பண்டம் போலவும் நோக்கும் மனப்பாங்கு இது.

இனி, கடன் பற்றிய வாதத்தை நோக்குவோம். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிக் கற்க வழிசெய்தது. இலவசம் என்பது விலையில்லாதது என்று பொருள்படாது. விலையைப் பிறர் கொடுத்துவிட்டனர் என்பதே பொருள். நம் நாட்டின் அரசிறையிற் பெரும்பகுதி, பண்டங்களின் மேல் விதிக்கப்படும் நேரில் வரிகளாற் பெறப்படுவது. வருமானவரி செலுத்தும் நிலையை ஒருநாளும் எய்தாத வெல்லாவெளி விவசாயியும் வாகரை மீனவரும் சீனி வாங்கும்போதும் எரிபொருள் வாங்கும்போதும் மருத்துவ பீடத்துக்குப் பங்களித்தவராகின்றனர். ஆகவே மருத்துவ மாணவர் அவர்க்குக் கடன்பட்டவர் என்பர் ஒரு சாரார்.

இவ்வாதம் கேட்க இனியது. ஆயின் உற்றுநோக்கின் தளர்வுடையது. முதலாவதாக, கல்வி உரிமையாக வழங்கப்பட்டதேயன்றிக் கடனாக வழங்கப்பட்டதன்று. பெறும்போது உரிமையெனக் கூறிப் பெற்ற பின்னர்க் கடனெனக் கேட்பது நேர்மையாகாது. இரண்டாவதாக, பொறியியலாளரும் கலைப்பட்டதாரியும் அவ்வாறே கற்றவர். அவரை நோக்கி எவரும் கை நீட்டுவதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து வைத்தியர் பலர் நாட்டைவிட்டு நீங்கியபோது எழுந்த கண்டனம், அவர்களைப் போலவே நீங்கிய கணினித் துறையினர்மீது அதே கடுமையுடன் எழவில்லை. மூன்றாவதாக, கடனென்றே கொள்ளினும், அது நாட்டுக்குரிய கடன். நாட்டின் எவ்விடத்தும் எத்துறையிலும் பணிசெய்து அதனைத் தீர்க்கலாம். படுவான்கரைக்கென்று தனியே ஒரு கடன் எவ்வாறு தோன்றும்?

இம்மூன்றாவது வினா நம் மாவட்ட மாணவர் திறத்து மற்றொரு வடிவம் பெறுகின்றது. பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் தகைமையின்படியும் 55 இடம் மாவட்ட மக்கட்டொகையின்படியும் 5 இடம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. 1970களிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் தமிழ் மாணவரிடையே விளைத்த காயத்தை இங்கு விரிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தார்க்கு வாயிலை அடைத்த அதே மாவட்ட முறை மட்டக்களப்பார்க்கும் மன்னாரார்க்கும் வாயிலைத் திறந்தது என்பதும் வரலாறே. இத்தகைய வாயிலால் உட்புகுந்த மாணவர்க்கு அவ்விடம் எதன்பொருட்டு வழங்கப்பட்டது? நல்ல ஆய்வுகூடமும் ஆசிரியரும் இன்றிக் கற்ற ஒருவர்க்கும் நகரத்து மாணவர்க்கும் இடையே நியாயஞ் செய்வதற்காகவா? அன்றி, அம்மாவட்டத்துக்கு ஒரு மருத்துவர் கிடைக்க வேண்டும் என்பதற்காகவா? முன்னையதாயின் மாணவர் பெற்றது தம் உரிமை. அவர் எவர்க்கும் எதுவும் தரவேண்டியதில்லை. பின்னையதாயின் அவ்விடம் மாவட்டத்துக்கு உரியது. மாணவர் அதனைப் பொறுப்பிற் கொண்டவர் மட்டுமே.

விதிகளின் சொல்லை நோக்குமிடத்து முன்னைய விளக்கமே பொருந்துவது என்பது எம் துணிபு. திரும்பி வருவேன் என்று எந்த மாணவரும் கையொப்பமிடவில்லை. கேட்கப்படாத வாக்கை மீறியதாக ஒருவரைக் குற்றஞ்சாட்டல் தகாது. ஆயினும், ஒப்பந்தம் இல்லாதவிடத்துக் கடப்பாடே இல்லை எனக் கூறுவது சட்டத்தரணியின் பேச்சு, அறநூலாரின் பேச்சன்று. தாயிடம் எவரும் ஒப்பந்தஞ் செய்து பிறப்பதில்லை. தமிழ் மரபில் ஈகை வேறு, ஒப்புரவு வேறு. ஈகை இரந்தவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவு, தான் வாழும் ஊரின் ஒழுங்கோடு ஒத்து, கேளாமலே செய்வது. வள்ளுவர் இவ்விரண்டையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்தமை கருதத்தக்கது. மருத்துவ மாணவரின் கடப்பாடு கடன்பத்திரத்தின் வகையினதன்று, ஒப்புரவின் வகையினது. கடனுக்கு அளவுண்டு, தவணையுண்டு, தீர்ந்தபின் விடுதலையுண்டு. ஒப்புரவுக்கு இவை இல்லை. அதனாலேயே அதனை வற்புறுத்திப் பெறவும் இயலாது.

வற்புறுத்திப் பெற முயன்ற ஒருவரின் வரலாறு நம்மிடம் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவங் கற்பித்து அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியரை உருவாக்கியவர். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் எனப் பல நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. தமிழ்வழி அறிவியற் கல்வியின் முன்னோடி எனத் தமிழ்ச் சங்க மேடைகளில் அவரை நாம் போற்றுகின்றோம், போற்றத்தக்கவரே. ஆனால் 1860களில் அவர் ஆங்கிலத்தை விடுத்துத் தமிழிற் கற்பிக்க முற்பட்டமைக்குத் தமிழ்ப்பற்று மாத்திரம் காரணமன்று. ஆங்கில வழியிற் பயின்றோர் ஊரைவிட்டு அரசாங்க உத்தியோகத்தையும் பட்டினத்தையும் நாடி அகல்வதை அவர் கண்டார். தமிழில் மட்டும் கற்றவர் ஊரில் தங்குவர் என்று கருதினார். அக்கருத்துப் பெரிதும் மெய்யாயிற்று; கிராமங்களுக்கு வைத்தியர் கிடைத்தனர்.

இச்செயலை அறநோக்கில் எவ்வாறு மதிப்பிடுவது? பயனை நோக்குவார்க்கு இது நன்று. நோயாளர் பலர் உயிர் பிழைத்தனர். ஆனால் அம்மாணவர் ஊரில் தங்கியது தம் பண்பினாலா, பிற கதவுகள் அடைக்கப்பட்டமையாலா? கதவை அடைத்தவர் தாம் மட்டும் இரு மொழியும் இரு கண்டமும் உடையவராயிருந்தார் என்பதையும் மறத்தலாகாது. ஒருவர் சிறகை நறுக்கிய பின்னர் அவர் கூட்டை விரும்புகின்றார் எனப் புகழ்வது பொருந்துமா? கிறீனின் மாணவர் உண்மையில் மனமுவந்தே தங்கியிருக்கலாம். ஆனால் அதனை நாம் அறிய வழியில்லாமற் செய்துவிட்டது அவர் கையாண்ட முறை. இதனோடு தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள மருத்துவர்க்குப் பட்டமேற்படிப்பு இடங்களில் ஒரு பங்கை ஒதுக்கி வரும் முறையை ஒப்பிடலாம். அவ்வாறு ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என இந்திய உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. சிற்றூரிற் பணிசெய்தவர்க்கு மேற்படிப்பின் கதவைத் திறந்து வைப்பது கதவை அடைப்பதினும் மேலானது. அடைத்த கதவு மனிதரைக் கருவியாக்குகின்றது. திறந்த கதவு அவரோடு பேரம் பேசுகின்றது. பேரம் அறமன்று எனினும் அவமதிப்பும் அன்று.

நோக்கம் பெரிதா, செயல் பெரிதா என்னும் பழைய வழக்கிற்கு நம் வாவியிலேயே ஒரு சான்று கிடக்கின்றது. மட்டக்களப்பு நகருக்கு அணித்தாக, வாவி நடுவே, மாந்தீவு என்னும் தீவு உளது. இருபதாம் நூற்றாண்டிற் பல பத்தாண்டுகள் அங்கு தொழுநோய் வைத்தியசாலை நடைபெற்றது. கொழும்புக்கு வடக்கேயுள்ள ஹெந்தளையும் இதுவுமே நாட்டின் தொழுநோய் வைத்தியசாலைகள். நோயுற்றவர் கரையிலிருந்து அகற்றப்பட்டுத் தீவில் வைக்கப்பட்டனர். தம் ஊரின் விளக்கொளி நீருக்கு அப்பால் தெரிய, அங்கு திரும்புவதற்கு இயலாமல் வாழ்ந்து முடிந்தவர் பலர். 1873இல் ஹான்சன் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்த பின்னரும், 1940களில் மருந்து வந்த பின்னரும், அச்சம் நீங்கவில்லை. 1983இல் கூட்டுமருந்துச் சிகிச்சை இலங்கைக்கு வந்தபின்னரே நோயாளரை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்னும் நிலை உறுதியாயிற்று. நாட்டளவில் நோய் வெகுவாகக் குறைந்த பின்னரும் கிழக்கில் அது புதிது புதிதாகக் கண்டறியப்பட்டே வந்துள்ளது. உணர்ச்சியற்ற ஒரு வெளிறிய தழும்பைக் காலத்தே கண்டுகொண்டால் கை விரல்கள் காப்பாற்றப்படும். காணத் தவறின் நரம்பு கெடும்.

இந்நோய் எத்துறையைச் சார்ந்தது? தோல் நோயியலை. அத்துறையோ இன்று உலகெங்கும் மாணவர் போட்டியிட்டு நாடும் துறைகளுள் ஒன்று. இரவில் அழைப்பு இல்லை, மரணம் அரிது, தனியார் வருவாய் மிகுதி. முகப்பொலிவு வேண்டுவோர் வாயிலில் வரிசையாக நிற்பர். ஒருகாலத்தில் எவரும் தொட அஞ்சிய நோய்க்குரிய துறையே எல்லாரும் விரும்பும் துறையாக மாறியமை காலத்தின் விநோதம். இப்பொழுது ஒரு மாணவர், ஓய்வும் வருவாயும் கருதியே தோல் நோயியலைத் தெரிந்து, மட்டக்களப்பிற்கு நியமனம் பெற்று, ஓட்டமாவடிச் சிறுவன் ஒருவனின் தழும்பை முதற்பார்வையிலேயே இனங்கண்டு அவன் கையைக் காத்தால், அவர் தெரிவு அறமற்றதா? மற்றொரு மாணவர், சேவை என்னும் சொல்லின் மயக்கத்தாற் பொது மருத்துவத்தைத் தெரிந்து, பத்தாண்டின் பின் களைத்துக் கசந்து, விடுதியில் நோயாளரைச் சீறி விழுவாராயின், அவர் தெரிவு அறமுடையதா? நாம் முன்னவரையே விரும்புவோம், நோயாளரும் அவ்வாறே. ஆகவே தன்னலங் கலந்த தெரிவு யாவும் தீது எனக் கொள்ளல் தவறு. தம் இயல்புக்கு ஒவ்வாத துறையைத் தியாகமெனக் கருதித் தெரிபவர், அத்தியாகத்தின் விலையை நாடோறும் நோயாளரிடமே அறவிட நேரும். இதனைச் சான்றோர் அறிவுரைகள் பேசுவதில்லை.

அவ்வாறாயின் விருப்பம் ஒன்றே போதும் என முடித்துவிடலாமா? முடிக்க இயலாமைக்குக் காரணம் ஒன்று உண்டு. ஒரு தெரிவின் அறக்கனம், அவ்விடத்திற்கு வேறொருவர் வரக்கூடுமா என்பதைப் பொறுத்தது. நான் சத்திரசிகிச்சை நிபுணராகாவிடின் இன்னொருவர் ஆவார். அவ்விடம் வெறுமையாய்க் கிடக்காது. மட்டக்களப்பின் சத்திரசிகிச்சைக் கூடத்திற் சிங்கள நிபுணர் பலர் பணிபுரிந்துள்ளனர். சில தமிழ்ச் சொற்களோடு வந்து, நன்றாகத் தமிழ் பேசக் கற்றுச் சென்றவரும் உளர். மக்கள் அவர்களை நன்றியுடன் நினைவுகூர்கின்றனர். குடல்வால் அழற்சிக்கு மொழி இல்லை. ஆனால் உளமருத்துவத்தின் நிலை வேறு. அங்கு சொல்லே பரிசோதனைக் கருவி. சொல்லே மருந்தின் ஒரு பகுதி. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் இருத்திக்கொண்டு தாய் ஒருத்தியின் துயரைக் கேட்பது, கையுறைமேற் கையுறை அணிந்து நாடி பார்ப்பதற்கு நிகர்.

இம்மாவட்டம் முப்பதாண்டுப் போரையும் 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையையும் கண்டது. நாவலடியிலும் கல்லடியிலும் கல்லாற்றிலும் அலை கொண்டுபோனவை உடல்கள் மட்டுமல்ல. போர்க்காலத்தில் வடக்கிற் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளவடுக்கள் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் நூல் எழுதினார். மட்டக்களப்பில் மகேசன் கணேசன், உளமருத்துவர் மிக அரிதாயிருந்த காலத்தில், சேவையை நகர எல்லைக்கு அப்பாலும் கொண்டுசென்றார். ஒருவர் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரு மாவட்டத்தின் வாழ்வையே வேறுபடுத்தும் என்பதற்கு இவர்கள் சான்று. இத்தகைய துறைகளில், தமிழ் பேசும் மாணவர் ஒருவர் "எனக்கு விருப்பமில்லை" என்று கூறும்போது அவ்விடத்திற்கு வேறொருவர் எளிதில் வாரார். குடும்ப மருத்துவமும் ஏறக்குறைய இவ்வகையினதே. நீரிழிவு உடையவரிடம் என்ன உண்கின்றீர் என வினவி, அவர் சொல்லாமல் விடுவதையும் உணர்ந்துகொள்ள அவ்வூரின் சோறும் கறியும் அறிந்த ஒருவர் வேண்டும். ஆகவே, துறைகளைப் புள்ளியாலும் வருவாயாலும் வரிசைப்படுத்துவதை விடுத்து, என் இடத்தை மற்றொருவர் நிரப்புவாரா என்னும் வினாவால் ஒருமுறையேனும் வரிசைப்படுத்திப் பார்க்குமாறு மாணவரைக் கேட்பது மிகையாகாது. அவ்வரிசை வெளியாகும் வரிசைக்குப் பெரும்பாலும் தலைகீழாகவே அமையும்.

கான்ற் என்னும் சேர்மானிய மெய்யியலாளர் கடமைகளை இருவகைப்படுத்தினார். பொய்யுரையாமை போன்றவை விலக்கின்றி நிறைவேற்றப்பட வேண்டியவை. பிறர்க்கு உதவுதல் போன்றவை, எப்பொழுது, எவ்வளவு, எவர்க்கு என்பதைச் செய்பவரின் தீர்ப்பிற்கு விடுபவை. மருத்துவ மாணவரின் துறைத்தெரிவு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது எனலாம். நெகிழ்ச்சியுண்டு, ஆயின் ஒருபொழுதும், ஒருவர்க்கும், ஒருசிறிதும் செய்யேன் என்பதற்கு அந்நெகிழ்ச்சி இடந்தராது.

பெண் மாணவர் நிலையைத் தனியே கூறுதல் வேண்டும். ஏனெனில் இன்று மருத்துவ பீடங்களிற் பெரும்பான்மையினர் அவர்களே. இவர்கள் துறையைத் தெரியுமுன் இவர்க்காகப் பிறர் தெரிந்துவிடுகின்றனர். சத்திரசிகிச்சை பெண்ணுக்கு ஆகாது, இரவுப் பணி மணவாழ்வுக்கு ஒவ்வாது என்பன போன்ற அறிவுரைகள் அன்பின் பெயரால் வழங்கப்படுகின்றன. மறுபுறம், காத்தான்குடி, ஏறாவூர்ப் பெண்கள் பலர் பெண் மகப்பேற்று மருத்துவரையே விரும்புவர். அது மெய்யான தேவை. ஆனால் அத்தேவையைக் காட்டி ஒரு மாணவியை அத்துறைக்குத் தள்ளுவதும், மணவாழ்வைக் காட்டி ஒரு துறையிலிருந்து விலக்குவதும் ஒரே செயலின் இருபுறங்கள். தேவையை எடுத்துக்கூறலாம், அவளுக்காகத் தீர்ப்பளித்தல் ஆகாது. டாக்டர் மாப்பிள்ளைக்கு என்ன விலை என்று கணக்கிடும் சமூகம், டாக்டர் மணமகளிடம் மட்டும் தியாகத்தை எதிர்பார்ப்பது எவ்வகை நியாயமோ அறியோம்.

வீரச்செயல்களை எல்லார்க்கும் விதியாக்குவதும் இவ்வாறே தகாதது. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியற் பகுதித் தலைவியாயிருந்த ராஜினி திராணகம, இங்கிலாந்தில் ஆய்வுப்பட்டம் பெற்றபின், பலரும் நாட்டைவிட்டு ஓடிய 1980களின் நடுப்பகுதியில் திரும்பி வந்தார். 1989 செப்ரெம்பர் 21இற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தம் வருகையை எவரும் எவரிடமும் கடமையெனக் கோர முடியாது. அது கடமையைக் கடந்தது. ஆனால் அவர் தெரிந்த துறை எது என்பதை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. உடற்கூற்றியல் நோயாளரே இல்லாத துறை; அத்துறை மருத்துவர் கைராசிக்காரர் என்று எவரும் புகழார். ஆயினும் அதனைக் கற்பிக்க ஆளில்லையேல் பீடமே இயங்காது. தேவை என்பது எப்பொழுதும் கட்டிலின் அருகில் நின்று முனகுவதில்லை. நம் பீடம் உட்படப் புதிய மருத்துவ பீடங்களில் அடிப்படை அறிவியற் பகுதிகளுக்கு ஆசிரியரைத் தேடிப் பெறுதல் எளிதன்று என்பதை அங்கு கற்றோர் அறிவர். சேவை மனப்பான்மை பற்றிப் பேசும்போது இத்துறைகள் நினைவிற்கு வருவதில்லை.

இவ்வாறு கூறுமிடத்து, வறுமையிலிருந்து வந்த மாணவரின் நியாயத்தையும் செவிமடுத்தல் வேண்டும். வயலை ஈடுவைத்துப் படிப்பித்த தந்தை, மணமாகாத இரு சகோதரியர், இம்மாவட்ட வழக்கப்படி அவர்க்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய வீடுகள். இவர் வெளிநாட்டையோ வருவாய் மிக்க துறையையோ நாடினால் அதனைப் பேராசை எனக் கூறுபவர் அவ்வீட்டில் ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும். படுவான்கரை விவசாயிக்குரிய ஒப்புரவும் ஈடுவைத்த தந்தைக்குரிய கடனும் மோதுமிடத்து, பின்னையதே முதலில் தீர்க்கப்பட வேண்டியது என்பது எம் கருத்து. அது பெயருடைய கடன், முகமுடைய கடன். ஆயின் ஒன்று. அக்கடன் தீர்ந்த நாளை மாணவர் நேர்மையுடன் குறித்துக்கொள்ள வேண்டும். வீடுகள் கட்டப்பட்டு, வயல் மீட்கப்பட்டு, மூன்றாவது காணியும் வாங்கப்பட்ட பின்னரும் சகோதரியரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருத்தல் ஆகாது.

உள்ளகப் பயிற்சிக்குப் பின் சிறு வைத்தியசாலைகளிற் கழியும் ஆண்டுகளைப் பற்றியும் ஒன்று கூறலாம். பலர் அக்காலத்தை மேற்பரீட்சைக்குப் படிக்கும் காத்திருப்புக் காலமாகவே கருதுகின்றனர். பேருந்து வரும்வரை நிற்கும் தரிப்பிடம் போல அவ்வூர் அவர்க்குத் தோன்றுகின்றது. ஊராருக்கோ அது தரிப்பிடமன்று. அவர்க்கு அந்த வைத்தியரே அவ்வாண்டின் முழு மருத்துவமும் ஆவார். பெரும்போக அறுவடைக் காலத்தில் விரியன் தீண்டியவரைக் கொணரும்போது வரும் நிபுணர் எத்துறையார் என எவரும் வினவார். பண்டைய நாளில் இவ்வூர்களில் விஷகடிப் பரிசாரியும் முறிவுப் பரிசாரியும் தத்தம் துறையைத் தெரிந்துகொண்டவரல்லர். பெரும்பாலும் தகப்பனிடமிருந்தோ மாமனிடமிருந்தோ பெற்றவர். தெரிவு இல்லாதவிடத்து ஏக்கமும் இல்லை. நமக்குத் தெரிவு உண்டு. ஆகவே இருக்குமிடத்திலேயே மனம் இல்லாதிருக்கும் துன்பமும் உண்டு.

தமிழ்ச் சங்கத்தின் மலராதலின், சங்கத்தாலியன்ற ஒரு பணியை முன்வைத்தல் பொருந்தும். இவ்வாவியின் இரு கரையிலும் நோயாளர் தம் துன்பத்தைக் கூறப் பயன்படுத்தும் சொற்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. உளைவு, குத்து, எரிவு, விறைப்பு, ஏலாமை என்பன ஒவ்வொன்றும் வெவ்வேறு. 'அந்தரமாய்க் கிடக்குது' என்று ஒரு முதியவள் கூறினால், அது மூச்சுத் திணறலாக இருக்கலாம்; நெஞ்சுப் படபடப்பாக இருக்கலாம்; காணாமற்போன மகனின் நினைவாகவும் இருக்கலாம். இதய நோயியலார், உளமருத்துவர், குடும்ப மருத்துவர் மூவரும் அவ்வொரு சொல்லையே கேட்பர். இச்சொற்களை ஊர் ஊராகச் சென்று திரட்டி, கூறுவோர் எப்பொருளிற் கூறுகின்றனர் என்பதை மருத்துவ மாணவரும் தமிழ் பயிலும் மாணவரும் கூடி எழுதிவைக்கலாம். மண்டூரிலும் வாகரையிலும் தொடங்கலாம். ஒரு விடுமுறைக் காலம் போதும்.